ஹகீக் கல்லுக்கு மெருகு

சென்ற நவராத்திரியின்போது நமது சங்கத்துக் கொலுவில், மூன்றாம் படியின் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்த ஒரு கல் வில்லையைச் சகோதரிகள் பலர் கையில் எடுத்துப் பார்த்து, "இது எந்தக் கடையில் வாங்கியது?" என்று வினவினர். கடையில் வாங்கியதுதான், ஆனால் வாங்கிய அன்று அது அந்த நிலையில் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரின் துண்டைப் போல் வெளுத்து, வாளின் கோடுகள் வரிவரியாகத் தெரிய, கையால் தடவினால் தோல் உரசும் நிலையில் இருந்தது. அதை மெருகேற்றியது எப்படி என்று எழுதித் தருமாறு பத்திரிகைக் குழுவினர் கேட்டனர். நான் இக்கலையில் தேர்ந்தவன் அல்லன். நான்கு கற்களைத் தேய்த்திருக்கிறேன், அவற்றுள் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குவோர் எங்கெங்கே இடறுவார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்ற ஒரே தகுதியுடன் இதை எழுதுகிறேன்.

ஜபல்பூரில் வாழும் நம்மவர்களுக்குப் பேடாகாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் அதுவே. துவாந்தார் அருவியைக் கண்டு திரும்பும் வழியில் இருபுறமும் கற்சாமான் கடைகள். அங்கு விற்பவை பெரும்பாலும் சலவைக்கல்லில் செதுக்கிய பொம்மைகளும் சிவலிங்கங்களும் ஆகும். ஒரு கடையில் மாத்திரம், கோணிப்பையின்மீது, அறுத்த நிலையிலேயே சில ஹகீக் வில்லைகள் கிடந்தன. கடைக்காரர் அவற்றில் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்கிக் காட்டினார். அந்தக் கணத்தில் கல்லுக்குள்ளிருந்து சாம்பலும் தேன் நிறமுமாக வளையம் வளையமாக ஓர் ஓவியம் எழுந்தது. நீர் உலர்ந்ததும் மறைந்துவிட்டது. மூன்று வில்லைகளை வாங்கி வந்தேன்.

ஆங்கிலத்தில் அகேட் என்று வழங்குவதையே இப்பகுதியில் ஹகீக் என்பர். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தக்காணம் முழுவதும் எரிமலைக் குழம்பு பரவி இறுகியபோது, அதில் காற்றுக் குமிழிகள் இருந்த இடங்களெல்லாம் பொந்துகளாக நின்றன. பின்னர் அப்பொந்துகளில் கசிந்த நீர், தன்னில் கரைந்திருந்த சிலிகாவைச் சுவரோரமாக ஏடு ஏடாகப் படியவிட்டது. நாம் காணும் வளையங்கள் அந்த ஏடுகளே. பாறை கரைந்து உதிர்ந்தாலும் ஹகீக் உதிர்வதில்லை. உருண்டைகளாக நருமதையின் மணலிலும் சரளையிலும் வந்து சேர்கிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில், வைரத்திற்குப் 10 என்றால் ஹகீக்கிற்கு ஏறக்குறைய 7. பேடாகாட்டுச் சலவைக்கல்லுக்கு 3 மாத்திரமே. ஆகவே சலவைக்கல்லை இழைப்பதைப்போல இதை இழைக்கலாம் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். இரும்பு அரமும் இதன்மேல் வழுக்கிவிடும்.

இது நமக்கு அந்நியமான கல்லும் அன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, அகேட்டும், அதன் செந்நிற இனமாகிய சூதுபவளமும் மணிகளாகவும், செய்து முடியாத துண்டுகளாகவும் கிடைத்தன. கீழடியிலும் இத்தகைய மணிகள் வெளிப்பட்டன. குஜராத்தில் லோத்தல் என்னுமிடத்தில் 1955 முதல் 1960 வரை நடந்த அகழ்வாய்வில், சிந்துவெளிக் காலத்து மணிக் கம்மியரின் பட்டறையே கண்டெடுக்கப்பட்டது. அதற்கு அண்மையிலுள்ள கம்பாத் நகரில் அத்தொழில் இன்றும் நடைபெறுகிறது. பரூச் மாவட்டத்து ரத்தன்பூரிலிருந்து வரும் பழுப்புக் கற்களை மெல்ல நெருப்பூட்டி, அவற்றிலுள்ள இரும்புச் சத்தைச் சிவக்க வைத்து, உடைத்து, தேய்த்து, துளையிட்டு மணியாக்குகிறார்கள். இந்தக் கம்பாத்தைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

முதல் வில்லையை நான் எவ்வாறு கெடுத்தேன் என்பதை மறைக்காமல் கூறிவிடுகிறேன். கதவு வேலை செய்ய வந்த ஒருவரிடம் மின்சாரத்தால் சுழலும் கைச்சாணை இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, குவார்ட்டர்ஸின் பின் வராந்தாவில் அமர்ந்து, உலர்ந்த கல்லின்மேல் அதை ஓட்டினேன். பத்து நிமிடத்திற்குள் வெண்புகை சூழ்ந்துகொண்டது. துளசி மாடமும், கொடியில் உலர்ந்த வேட்டியும், அருகில் நின்று ஆவலோடு பார்த்த என் மகனின் புருவமும் மாவு பூசியதுபோல் ஆயின. அவன் இருமிக்கொண்டே சிரித்தான். கல்லோ ஓரிடத்தில் சூடேறி, ஓரம் தெறித்து, நடுவில் பள்ளம் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

மறுநாள் அலுவலகத்தில் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் நகைத்தனர், என் எதிர் மேசையில் அமரும் குஜராத்தி நண்பர் மாத்திரம் நகைக்கவில்லை. அவர் கம்பாத்தைச் சேர்ந்தவர் என்பது எனக்குத் தெரியும். அவருடைய குடும்பம் எத்தொழில் செய்தது என்பது அன்றுவரை தெரியாது.

"தண்ணீர் விட்டீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பையன் பக்கத்தில் நின்றானா?"

நான் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தவர், தம் பெரிய தந்தையார் பதினான்கு வயது முதல் சாணைச் சக்கரத்தில் அமர்ந்தவர் என்றும், நாற்பது வயது நிரம்புமுன் பத்தடி நடக்க மூச்சு வாங்கியதென்றும், காசநோய் என்று எண்ணிப் பல ஆண்டுகள் மருந்து கொடுத்தும் பயனில்லாமல் போயிற்று என்றும் கூறினார். பிறகு, "அது புகையன்று பாபு, கல். மூச்சில் போன கல் வெளியே வராது" என்றார்.

அந்நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். ஹகீக், படிகம், மணற்கல், கருங்கல் ஆகியவற்றில் உள்ள சிலிகா, கண்ணுக்குத் தெரியாத நுண்தூளாகி நுரையீரலின் ஆழத்தில் தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. தழும்பான இடம் காற்றை ஏற்பதில்லை. இதைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை; தூசியிலிருந்து விலகிய பின்னரும் நோய் வளர்வதுண்டு; காசநோய் எளிதில் பற்றுவதும் உண்டு. கம்பாத்தின் சாணைத் தொழிலாளரை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் ஆராய்ந்து, தூசியை உறிஞ்சி அகற்றும் அமைப்பு ஒன்றையும் வகுத்துக் கொடுத்தனர். சக்கரத்தில் அமராமல், பக்கத்து வீடுகளில் வாழ்ந்தவரிடமும் அந்நோய் காணப்பட்டது என்பதே அவ்வாராய்ச்சிகளில் என்னைத் தூங்கவிடாத செய்தி. அங்கே வேலை பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே நடப்பது. ஆலைச் சட்டம் திண்ணைக்கு வருவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு என் மகனை நோயாளியாக்கிவிடாது என்று மருத்துவர் உறுதி கூறினார். எனினும், நாம் கழுத்தில் அணியும் சிவந்த மணிமாலையைப் பார்க்கும் போதெல்லாம் அந்த மேசையும் மூடித் திறந்த பேனாவும் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

ஆகையால் முதல் விதி இதுதான்: ஹகீக்கை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது. நீரில் நனைந்த தூள் பறக்காது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உலர்வாகத் தேய்க்கலாம் என்று எண்ண வேண்டாம்; துணியின் இழைகளுக்கிடையே அத்தூள் தாராளமாகப் புகும். மின்சாரக் கைச்சாணையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமே என்பவர்க்கு: அது தூசி அபாயத்தை விட்டு மின்சார அபாயத்தில் விழுவதாகும். தொடக்கக்காரர்க்கு இயந்திரமே வேண்டாம். ஒரு கண்ணாடிப் பலகையும் இரண்டு கைகளும் போதும். நாள் பிடிக்கும், அவ்வளவே.

கல்லைத் தேர்ந்தெடுப்பதில் சில வார்த்தைகள். உள்ளங்கைக்குள் அடங்கும் வில்லையே முதலுக்கு ஏற்றது. அகலம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். பருமன் ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கட்டும். மெல்லியது விரலழுத்தத்தில் முறியும். வெளிச்சத்திற்கு நேரே பிடித்து விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். நகத்தால் தட்டினால் நல்ல கல் பீங்கான் கோப்பைபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது மொத்தென்று ஒலிக்கும். ஆழ்ந்த நீலமும் ரோஜா நிறமுமாகக் கண்ணைப் பறிப்பவை பெரும்பாலும் சாயமேற்றியவை. தேய்க்கத் தேய்க்கச் சாயம் சில இடங்களில் குறைந்து திட்டுத்திட்டாகும். தண்ணீரில் முக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. கரடான பரப்பின் பள்ளங்களை நீர் நிரப்பிச் சமமாக்குவதால்தான் உள்ளே உள்ள ஓவியம் தெரிகிறது. நாம் செய்யப்போவதும், நீர் ஒரு நிமிடம் செய்வதை என்றைக்குமாகச் செய்வதே.

வேண்டிய சாமான்களில் முதலாவது, எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடிப் பலகை, ஓரடிச் சதுரம். கண்ணாடிக் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டைக் கேட்டால் மலிவாகக் கிடைக்கும். விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். அடுத்தது கார்பொரண்டம் எனப்படும் சிலிகன் கார்பைடு தூள்: 80, 220, 400, 600 என்ற எண்களில் சிறிது சிறிது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் உள்ள சல்லடையில் சலித்தது என்பதே இவ்வெண்களுக்கு அடிப்படை. ஆகையால் எண் ஏற ஏறத் தூள் நுண்மையாகும். 80ஆம் எண்ணின் பரல் சுமார் 0.2 மில்லிமீட்டர், ரவையைவிடச் சற்றே நுண்ணியது. இவற்றோடு, வர்ணம் அடிப்பவர் வாட்டர் பேப்பர் என்று வழங்கும் நீர்த் தாள் 1000, 1200 எண்களில் ஓரிரண்டு. கடைசி மெருகுக்குச் சீரியம் ஆக்ஸைடு ஐம்பது கிராம். கண்ணாடிக்குப் பாலிஷ் போடுபவர்களிடம் இது கிடைக்கும். மோட்டார்ப் பட்டறையில் வால்வு தேய்க்கும் பசையும் கார்பொரண்டமே என்று ஒரு நண்பர் இலவசமாகக் கொடுத்தார். அதை உபயோகிக்க வேண்டாம். அதிலுள்ள எண்ணெய், கல்லின் நுண்துளைகளில் ஊறிக் கறையாகிவிடுகிறது. என் இரண்டாம் வில்லையின் ஒரு மூலையில் அக்கறை இன்றும் இருக்கிறது.

கண்ணாடியை ஈரத்துணியின்மேல் வைத்தால் நகராது. 80ஆம் எண் தூளில் அரைத் தேக்கரண்டி இட்டு, நீர் மோர் அளவுக்குத் தண்ணீர் தெளித்து, கல்லை அதன்மேல் அழுத்தி, எட்டு என்ற எண்ணை எழுதுவதுபோல் நகர்த்த வேண்டும். நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் கண்ணாடியின் நடுப்பகுதி குழிந்து, அக்குழிவுக்கேற்பக் கல் புடைத்துவிடும். மூலை முடுக்கெல்லாம் சென்று வருக. அவ்வப்போது கல்லையும் கால்வட்டம் திருப்புக. முதலில் கரகரவென்று இரைச்சல் எழும். சில நிமிடங்களில் அது அடங்கி வழுக்கத் தொடங்கினால், பரல்கள் உடைந்து மழுங்கிவிட்டன என்று பொருள். துடைத்துவிட்டுப் புதுத்தூள் இட வேண்டும். அம்மியில் மிளகாய் அரைத்துப் பழகிய நம் தாய்மார்க்கு இந்த ஓசையின் பாடம் எளிதில் வரும். என் மனைவி, அடுத்த அறையிலிருந்தபடியே, "தூள் தீர்ந்துவிட்டது, போடுங்கள்" என்று சொல்லிவிடுவாள்.

இந்த முதற்கட்டத்திலேயே பொறுமை சோதிக்கப்படும். எனக்கு நான்கு மாலைகள் பிடித்தன, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீதம். வாளின் கோடு ஒன்றுகூட மிஞ்சாத வரை 80ஆம் எண்ணை விட்டு நகரக்கூடாது. ஈரமான கல் எப்போதும் அழகாகத் தோன்றி நம்மை ஏமாற்றும். நன்றாகத் துடைத்து, உலர்த்தி, ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. உலர்ந்த பரப்பின்மீது பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு, பிறகு ஒரு நிமிடம் தேயுங்கள். கோடு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். எல்லாக் கோடும் ஒருங்கே அழியும் நாளில்தான் பரப்பு சமமாயிற்று. என் இரண்டாம் வில்லையில், ஒரே ஒரு வாள்வரிதானே என்று விட்டுவிட்டேன். 220 அதைத் தீர்க்கும் என்று எண்ணினேன், தீர்க்கவில்லை. 400க்குச் சென்றேன், சுற்றியுள்ள பரப்பு மென்மையாக மென்மையாக, அவ்வரி இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. மெருகு ஏறியபின் பார்த்தால், கண்ணாடியில் விழுந்த கீறலைப்போல முதலில் அதுவே கண்ணில் படுகிறது. திரும்ப 80க்கு வர மனம் வராமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

80ஐ முடித்ததும், வில்லையைச் சாய்த்துப் பிடித்து அதன் விளிம்பைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சரித்துவிடுங்கள். கூரான விளிம்பிலிருந்து அடுத்த கட்டங்களில் சிறு சில்லுகள் தெறிக்கும். அவை கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே உருண்டு, பரப்பெல்லாம் கீறிவிடும்.

அடுத்துவரும் 220, 400, 600 ஆகிய கட்டங்கள் முறையில் ஒன்றே, நேரத்தில் குறைவு. ஒவ்வொன்றும் முந்தியதன் கீறல்களை அகற்றுவதற்காகவே வருகிறது. ஆனால் ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்திற்குப் போகும் வாயிலில் ஒரு பெரிய ஆபத்து நிற்கிறது. 80ஆம் எண் பரல் ஒன்று, ஒன்றே ஒன்று, நகக்கண்ணிலோ துண்டின் மடிப்பிலோ ஒட்டிக்கொண்டு 600க்குள் வந்துவிட்டால், ஒரு வாரத்து உழைப்பு அரை நிமிடத்தில் பாழாகும். கல்லையும் கண்ணாடியையும் கைகளையும் சோப்பிட்டுப் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் தனித் துணி, தனிக் கரண்டி, தனிக் கிண்ணம். தூள்களை அஞ்சறைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாமே என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்லவேளையாக வீட்டில் அனுமதி கிட்டவில்லை. அறை விட்டு அறை தூள் தாவுவதைக் கடுகும் சீரகமும் நமக்கு நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றனவே! மூடியுள்ள தனித்தனிப் புட்டிகளே சரி.

600 முடிந்தபின் அதே கண்ணாடியில் நீர்த் தாளை நனைத்து ஒட்டி 1000, பிறகு 1200. இப்போது கல் பட்டுப்போல் இருக்கும், ஒளிராது. உலர்ந்த நிலையில் சாய்த்துப் பார்த்தால் ஜன்னலின் உருவம் மங்கலாகத் தெரியத் தொடங்கும். தெரியவில்லை என்றால் பின்வாங்கி 600ஐ மறுபடி செய்வது உத்தமம்.

மெருகு ஏற்றுவதற்கு, செருப்புத் தைப்பவரிடம் ஒரு தோல் துண்டை வாங்கி, அதன் கரடான பக்கம் மேலே இருக்குமாறு மரப்பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். சீரியம் ஆக்ஸைடைத் தண்ணீரில் குழைத்துத் தோலில் பூசி, இம்முறை பலமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். தோல் நனைந்து வழியும்போது ஒன்றும் நிகழாது. நீர் சற்றே வற்றி, கல்லைத் தோல் பிடித்து இழுப்பதுபோல் தோன்றும் நிலையில்தான் ஒளி வரும். அதற்காக முற்றிலும் உலரவிட்டால் சூடேறும். ஹகீக் திடீர்ச் சூட்டைத் தாங்காது. இழுப்பு மிகும் சமயம் இரண்டு சொட்டு நீர் தெளித்துத் தொடர வேண்டும். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் சென்றபின் ஒரு முறை துடைத்துப் பார்த்தேன். மின்விளக்கின் உருவம் கல்லில் நின்றது. துடைத்து உலர்ந்த பின்னும் வளையங்கள் மறையாமல் நின்றன. உறங்கப் போயிருந்த வீட்டாரை எழுப்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கழிவைப் பற்றி நண்பர் சொல்லிக் கொடுத்ததைத் தவறாமல் செய்து வருகிறேன். தேய்த்த சேற்றைத் தொட்டியில் ஊற்றினால் அது குழாயின் வளைவில் சிமெண்டுபோல் இறுகும். வாளியில் விட்டு ஓரிரவு தெளியவைத்து, தெளிந்த நீரைச் செடிகளில்லாத மண்ணில் ஊற்றிவிட்டு, அடிச்சேற்றை ஈரமாகவே காகிதத்தில் பொதிந்து குப்பையில் சேர்க்க வேண்டும். வேலை செய்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். உலர்ந்த சேறு மீண்டும் அதே தூசிதான். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் ஈரம் போகுமுன் அலசிவிடுக. சட்டையில் தெறித்த சேற்றை உதறாமல் நனைத்துத் துவையுங்கள்.

குழந்தைகள் ஆசைப்பட்டால், அவர்களுக்குச் சலவைக்கல் துண்டு கொடுக்கலாம். மென்மையானதாதலின் 220இல் தொடங்கினாலே போதும். ஒரே மாலையில் வழவழப்பாகும். அதற்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் முடித்த சலவைக்கல்லைச் சமையலறை மேடையில் வைக்க வேண்டாம். எலுமிச்சஞ்சாறோ புளித்தண்ணீரோ பட்டால் அந்த இடம் அரித்து வெளுத்துவிடும். நம் வீட்டு ரசத்துக்குமுன் அது நில்லாது. ஹகீக்கிற்கு அந்தப் பயம் இல்லை.

மூன்றாம் வில்லைதான் கொலுவில் இருந்தது. நான்காவதைச் சென்ற மாதம் முடித்து, எதிர் மேசை நண்பரிடம் கொடுத்தேன். அவர் கட்டைவிரலால் அதன் விளிம்பைச் சுற்றித் தடவி, சரிவு ஓரிடத்தில் அகன்றிருப்பதை உடனே கண்டுகொண்டார். "தண்ணீரில் தானே?" என்று கேட்டார். ஆம் என்றேன். இப்போது அவர் மேசையில் காகிதங்கள் பறவாமல் இருக்க அது உதவுகிறது.

என்னிடம் 80, 220 எண் தூள்கள் வேண்டிய அளவு மிஞ்சியுள்ளன. விருப்பமுள்ளோர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் மாலை நான்கு மணிக்குமேல் சங்கத்துப் பின்கட்டுக் குழாயடிக்கு வரலாம். கல்லும், பழைய துண்டு இரண்டும் கொண்டு வரவேண்டும். கண்ணாடிப் பலகை ஒன்றே இருப்பதால், வருவோர் முன்னதாகச் சொல்லி அனுப்பினால் முறை வைத்துக்கொள்ளலாம்.